கொடுக்கும்போது விழும் நிபந்தனை

கினிகத்தேனைக் கடைவீதியில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானோர் திறந்தே பார்க்காத ஒரு பக்கம் உண்டு. செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியைத் திறந்து, சட்டத் தகவல் என்பதைத் தொட்டால் உரிமங்களின் பட்டியல் ஒன்று வரும். விரலால் தள்ளத் தள்ள அது வந்துகொண்டே இருக்கும். அதில் கட்டாயம் கண்ணில் படுவது குனூ பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. சுருக்கமாக ஜீ.பி.எல். 1991 ஜூனில் வெளியான ஆவணம் அது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கருனி அந்த உரிமத்தின்கீழ்தான் உலகம் முழுவதும் கைமாறுகிறது. காப்பிலெஃப்ட் என்ற வகையில் மிகவும் பெயர்பெற்ற உரிமமும் அதுவே. தமிழில் அளிப்புரிமை என்று எழுதுவோர் உண்டு.

கணினி வகுப்புகளில் இதைக் காட்டினால் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், சும்மா குடுக்கிற சாமானுக்கு எதுக்கு இவ்வளவு கண்டிஷன்?"

கேள்வி நியாயமானது. பதிலைச் சட்டத்தில் தேட வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கதை, கவிதை, ஓவியம் போலவே கணினி நிரலுக்கும் பதிப்புரிமை தருகிறது. எங்கேயும் பதியத் தேவையில்லை. எழுதி முடித்த கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். அவர் அனுமதி தராமல் மற்றவர் பிரதியெடுக்கவோ மாற்றவோ பரப்பவோ முடியாது. அதாவது எழுதியவர் பேசாமல் இருக்கும் இடத்தில் விடை 'கூடாது' என்பதே. உரிமம் என்பது அந்தக் 'கூடாது'வை எழுத்தில் தளர்த்தும் அனுமதி. நம் பக்கத்தில் இலவச மென்பொருள் என்றதும் கிராக் போட்ட பிரதிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதில் யாரும் யாருக்கும் எந்த அனுமதியும் தரவில்லை. ஜீ.பி.எல். மென்பொருளில் அனுமதி எழுத்திலேயே இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை யார்மீது, எப்போது விழுகிறது என்பதில்தான் குழப்பம் எல்லாம். மலைநாட்டில் அதைத் தேயிலைத் தவறணையை வைத்துச் சொல்லிவிடலாம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த டீ.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்களை விதை போட்டு வளர்ப்பதில்லை; தாய்ச் செடியிலிருந்து தண்டுத்துண்டு வெட்டித் தவறணையில் பதிய வைக்கிறோம். உங்களிடம் நல்ல தாய்ச் செடி ஒன்று இருக்கிறது, பக்கத்துக்காரர் துண்டு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எடுத்துக்கொண்டு போங்க, என்னவும் செய்யுங்க" என்று நீங்கள் கொடுக்கலாம். அது எம்.ஐ.டி., அப்பாச்சி, பி.எஸ்.டி. உரிமங்களின் வழி. அவர் அந்தக் கன்றை விற்றுவிட்டு, வாங்கியவர் அதிலிருந்து துண்டு வெட்டக்கூடாது என்று தடைபோடவும் அந்த வழியில் இடமுண்டு. இன்னொரு விதமாகவும் கொடுக்கலாம்: "எடுத்துக்கொண்டு போங்க, கன்றாக்கி நல்ல விலைக்கு வில்லுங்க. ஆனால் உங்களிடம் கன்று வாங்குகிறவரும் அதில் துண்டு வெட்டலாம், இதே பேச்சில் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொள்ளுங்க." இதுதான் காப்பிலெஃப்ட். அவர் கன்றை விற்காமல் தன் தோட்டத்திலேயே நட்டுக்கொண்டால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அந்தச் செடியில் கொழுந்து பறித்துக் காய்ச்சிய தேயிலையும் முழுக்க அவருடையதே. வித்தியாசம் ஒன்றுதான்: அளவுக்கு மீறி வெட்டினால் தாய்ச் செடி பட்டுப்போகும், நிரலுக்கு அந்தச் சேதம் இல்லை.

பயன்படுத்துகிறவர்மீது ஜீ.பி.எல். எந்தக் கடமையையும் சுமத்துவதில்லை. வீட்டில், பள்ளியில், கச்சேரியில், தோட்டக் கந்தோரில் எத்தனை கணினியில் போட்டாலும் யாரையும் கேட்க வேண்டாம். உள்ளே திறந்து மாற்றி, மாற்றியதைத் தானே வைத்துக்கொண்டாலும் கேள்வியில்லை. அந்த நிரலைக் கொண்டு எழுதிய கடிதமோ வரைந்த படமோ உரிமத்துக்குள் வராது. மாற்றியதையோ மாற்றாததையோ இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் நிபந்தனை விழிக்கிறது. அப்போது வாங்குகிறவருக்கு மூலநிரலை, அதாவது படித்துத் திருத்தக்கூடிய வடிவிலுள்ள நிரலை, கூடவே கொடுக்க வேண்டும். அல்லது கேட்டால் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் பதிப்பு அந்த வாக்கு குறைந்தது 3 ஆண்டு செல்ல வேண்டும் என்கிறது. மூலநிரலை ஊருலகத்துக்கெல்லாம் கொடுக்கவேண்டும் என்று அதில் இல்லை. காசு வாங்கக்கூடாது என்றும் இல்லை. பல நிறுவனங்கள் பயந்து ஒதுங்குவது எழுதப்படாத இந்த இரண்டு விதிகளை நினைத்துத்தான்.

இதையெல்லாம் முதலில் யோசித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் வேலை செய்தவர். 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார், 1989இல் ஜீ.பி.எல்.லின் முதற்பதிப்பை வெளியிட்டார்.  அவரைப் பற்றிய கதைகளில் எனக்குப் பிடித்தது நெக்ஸ்ட் கதை. உரிமம் வெறும் நல்லெண்ணத்தில் நிற்கவில்லை என்பதை அது காட்டுகிறது. ஸ்டீவ் ஜொப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறித் தொடங்கிய நிறுவனம் நெக்ஸ்ட். குனூவின் சீ தொகுப்பியை எடுத்து, அதில் ஒப்ஜெக்டிவ் சீ மொழிக்கான பகுதியைச் சேர்த்தார்கள். அந்தப் பகுதியை மட்டும் மூடிய நிலையில் கொடுத்து, இரண்டையும் பயனர் தன் கணினியில் இணைத்துக்கொள்ளட்டும் என்பது அவர்களுடைய யோசனை. அது உரிமத்தைச் சுற்றிப்போகும் வழி என்று ஸ்டால்மன் மறுத்தார். கடைசியில் நெக்ஸ்ட் மூலநிரலைக் கொடுத்தது. பின்னாளில் மெக் கணினியிலும் ஐபோனிலும் எத்தனையோ செயலிகள் எழுதப்பட்ட மொழி அது. எம்.ஐ.டி. உரிமமாக இருந்திருந்தால் அந்தப் பகுதியை வெளியே தரும் கட்டாயம் நெக்ஸ்டுக்கு இருந்திராது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 கடல்கோளில் இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது, எங்கே என்ன குறைகிறது என்பதெல்லாம் தனித்தனிக் காகிதங்களிலும் தனித்தனிக் கணினிகளிலும் கிடந்தன. கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்தவர்கள் தம் வேலையை ஒதுக்கிவிட்டு வந்து கூடினார்கள். லங்கா சொப்ட்வேர் பவுண்டேஷன் அதை ஒருங்கிணைத்தது. சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருள் உருவாகி, அரசின் தேசிய செயற்பாட்டு நிலையத்தில் வேலைக்கு வந்தது. நிவாரணம் என்ற பொருளில் அதற்குச் சஹன என்று சிங்களத்தில் பெயர் வைத்தார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைக் கோரிக்கை என்று பகுதி பகுதியாக, பீ.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட இணைய மென்பொருள் அது. அதன் காப்பிலெஃப்ட் உரிமம் எல்.ஜீ.பி.எல்.

அடுத்த ஒக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கம். பாக்கிஸ்தானின் தேசியத் தரவுத்தளப் பதிவு அதிகாரசபை சஹனவை எடுத்துப் பயன்படுத்தியது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டே மாகாணத்தில் கின்சாவ்கன் கிராமத்தை மலைச்சரிவு மூடியபோதும், அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போதும், 2007இல் பெருவிலும் அது போய் நின்றது. நியூயோர்க் நகரமும் புயல்கால முகாம்களுக்கு ஆள் ஒழுங்குசெய்யும் தன் திட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் சமூகப் பயன் திட்டத்துக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்குத்தான் கொடுத்தது. அந்த விருதை அதற்கு முந்திய ஆண்டு பெற்றது விக்கிப்பீடியா.

இந்தப் பெருமையைச் சொல்லும் பலர் இதையெல்லாம் காப்பிலெஃப்ட்டின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. கொழும்பில் யாரிடமும் கேட்காமல் இஸ்லாமாபாத்தில் ஒருவர் சஹனவை நிறுவ எந்தத் திறந்த உரிமமும் போதும், எம்.ஐ.டி. உரிமத்திலும் அது நடந்திருக்கும். முதற்கையிலிருந்து இரண்டாம் கைக்குப் போகும்வரை இரண்டு வகைக்கும் வேறுபாடே தெரியாது. மூன்றாம் கையில்தான் தெரியும். ஒரு நிறுவனம் சஹனவை எடுத்துத் திருத்துகிறது, மெருகேற்றுகிறது, இன்னொரு நாட்டு அரசுக்குப் பெட்டியில் போட்டு விற்கிறது என்று வையுங்கள். எம்.ஐ.டி. உரிமமாக இருந்தால் திருத்திய பகுதியை அது மூடிவைக்கலாம். வாங்கிய அரசு அடுத்த வெள்ளத்தில் ஒரு படிவத்தை மாற்றவும் அதே நிறுவனத்தின் வாசலில் நிற்க வேண்டும். எல்.ஜீ.பி.எல். என்றால் சஹனவில் செய்த திருத்தங்களின் மூலநிரலை அந்த அரசுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். காப்பிலெஃப்ட் காப்பது முதலில் எழுதியவரை அல்ல, கடைசியில் வாங்கியவரை. நியூயோர்க் கணக்கு வேறு. தன் அலுவலகத்துக்குள் மட்டும் திருத்தி ஓட்டும்வரை அந்த நகரத்துக்கு எந்தக் கடமையும் கிடையாது.

எல்.ஜீ.பி.எல்.லின் முன்னால் நிற்கும் 'எல்' நிபந்தனையைச் சற்றுக் குறைக்கிறது. சஹனவுக்குள் கைவைத்து மாற்றியது சஹனவின் உரிமத்திலேயே இருக்கவேண்டும். அதைக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் தனி மென்பொருள் மூடியதாகவே இருக்கலாம். பயர்பாக்ஸும் லிப்ரே ஒபிஸும் வெளியாகும் மொஸில்லா உரிமம் இதையே கோப்பு அளவில் வைக்கிறது: எங்கள் கோப்பில் செய்த மாற்றத்தை மட்டும் தாருங்கள், உங்கள் தனிக் கோப்பு உங்களோடு இருக்கட்டும் என்கிறது.  தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப்படும் கட்டுரைகளும் இதே குடும்பம்தான். 2009 முதல் அவை கிரியேட்டிவ் கொமன்ஸின் அதேவகைப் பகிர்வு உரிமத்தில் வருகின்றன. மலையக ஊர் ஒன்றைப் பற்றிய கட்டுரையை எடுத்துத் திருத்திப் புத்தகம் போடலாம், விற்கலாம். திருத்திய வடிவத்தை எடுத்தாளும் உரிமை அதை வாங்கியவருக்கும் உண்டு.

சஹனவுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. 2009இல் அதற்கென்று தனி அறக்கட்டளை உருவானது. பைதான் மொழியில் புதிதாக எழுதிய வடிவம் ஒன்று வளர்ந்தது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் மருத்துவமனைகளையும் உதவி நிறுவனங்களையும் பதிவுசெய்ய அது பயன்பட்டது. சஹன ஈடன் என்ற பெயரில் இன்று தெரியும் அந்த வடிவத்தின் உரிமம் எம்.ஐ.டி. உரிமம். காப்பிலெஃப்ட் இல்லை. அதே கொழும்பு வட்டத்தில் இன்னொரு சான்றும் உண்டு. லங்கா சொப்ட்வேர் பவுண்டேஷனின் பின்னால் நின்ற சஞ்சீவ வீரவரண 2005இல் வேறிருவரோடு தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தன் மென்பொருளை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டு உலகச் சந்தைக்குப் போனது. வாடிக்கையாளர் வங்கிகளும் பெருநிறுவனங்களுமாக இருக்கும்போது நிபந்தனை குறைந்த உரிமம் கதவைச் சுலபமாகத் திறக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பொதுப்பணத்திலும் தொண்டர் உழைப்பிலும் பிறக்கும் மென்பொருளுக்கு, அதுவும் அனர்த்த வேலைக்கானதற்கு, காப்பிலெஃப்ட்தான் பொருத்தம் என்பது என் கட்சி. அங்கே கடைசியில் வாங்குகிறவர் அநேகமாக ஏழை நாட்டு அரசு. பேரம்பேசும் பலம் அதற்குக் குறைவு.

இது தொலைதூரக் கதையும் அல்ல. கினிகத்தேனைக்குக் கடல் வராது, மலை வரும். பருவமழை பிடித்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் அம்பகமுவ பிரதேசத்தின் பெயர் எத்தனையோ முறை வந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே நாட்கணக்கில் தடுமாற்றமாக இருந்தது. முகாம் பதிவும் காணாமற்போனோர் பதிவும் கணினியில் இருப்பதன் அருமை அப்போது தெரியும். மென்பொருள் திறந்தது என்றால் அதற்குள் போடும் பெயர்ப்பட்டியலும் ஊருக்குத் திறந்துவிடும் என்று அதிகாரிகள் சிலர் அஞ்சுவதுண்டு. அப்படி இல்லை. உரிமம் நிரலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதில் பதிந்த பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதற்குள் வரவேமாட்டா.

நிபந்தனையை மீறினால் என்ன நடக்கும்? 2001இல் மைக்ரோசொப்ட்டின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீவ் பால்மர், தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் புற்றுநோய்க்கு லினக்ஸை ஒப்பிட்டார். ஒரு வரி ஜீ.பி.எல். நிரல் உள்ளே வந்தால் கம்பனியின் சொத்தெல்லாம் பறிபோகும் என்ற பயம் அங்கிருந்து பரவியது. நடப்பது அவ்வளவு பயங்கரமானதல்ல. உரிமத்தை மீறியவர் அனுமதியை இழக்கிறார், அவ்வளவுதான். அனுமதியில்லாமல் பரப்பினால் சாதாரணப் பதிப்புரிமை மீறல். நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம், நட்டஈடு கேட்கலாம். தன் நிரலைத் திறப்பதா, ஜீ.பி.எல். பகுதியை எடுத்துவிடுவதா என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கலாம்.

2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜீ என்ற வைஃபை ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதையும் மூலநிரல் கொடுக்கப்படாததையும் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். கேள்வி வலுத்ததும் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் பிறந்தது. தயாரித்தவர்களே கைவிட்ட பழைய ரௌட்டர்களுக்கு இன்றும் பாதுகாப்புத் திருத்தங்களோடு உயிர்கொடுப்பது அதுதான். அதே 2004இல் ஜேர்மனியின் ம்யூனிக் நீதிமன்றத்தில், லினக்ஸின் வலையமைப்புப் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரல்ட் வெல்ட்டே, சைட்கொம் நிறுவனத்துக்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றார். ஜீ.பி.எல். நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது. மீறியவர் திருந்தி வர 2007 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பு இடம் வைத்திருக்கிறது: முதல்முறை மீறியவர் அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் அனுமதி திரும்பிவிடும். லினக்ஸ் கருனி மட்டும் பழைய இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸுக்கு மூன்றாவதன் புதிய கட்டுப்பாடுகள் பிடிக்கவில்லை.

கொடுக்கும்போதுதான் நிபந்தனை விழும் என்ற ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இன்று எத்தனையோ மென்பொருளை யாரும் கையில் கொடுப்பதில்லை. எங்கோ ஒரு சேவையகத்தில் அது ஓடுகிறது, நாம் உலாவி வழியாக எட்டிப் பார்க்கிறோம். ஒரு கம்பனி ஜீ.பி.எல். மென்பொருள் ஒன்றைத் திருத்தித் தோட்டங்களுக்குக் கொழுந்துக் கணக்கும் செக்ரோல் என்ற வருகை, சம்பளக் கணக்கும் இணைய வழியில் நடத்தித் தந்தால், நிரல் கைமாறவே இல்லை. மூலநிரல் கேட்கத் தோட்டத்துக்கு உரிமையில்லை. இதை அடைக்கத்தான் 2007 நவம்பரில் குனூ ஏ.ஜீ.பி.எல். வந்தது. திருத்திய மென்பொருளை வலையமைப்பு வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்கிறது அது. சஹன போன்ற இணைய மென்பொருளை இன்று புதிதாக எழுதத் தொடங்கினால் எல்.ஜீ.பி.எல்.லைவிட இதுவே நோக்கத்துக்கு நெருங்கி வரும்.

உரிமத்தால் ஆகாத வேலையும் உண்டு. மூலநிரல் கையில் இருந்தாலும் அதைப் படித்துத் திருத்த ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கடல்கோள் ஆண்டில் ஓடிவந்த தொண்டர்கள் எந்த நாட்டிலும் பத்து வருடம் தொடர்ந்து ஓடிவரமாட்டார்கள். ஜீ.பி.எல். பழுதுபார்க்கும் உரிமையைத் தருகிறது. பழுதுபார்ப்பவரை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் கடைசியாகச் சொல்வது ஒரு சின்னக் கோப்பைப் பற்றி. மழைமானியின் அளவுகளைப் பதிந்து எச்சரிக்கை காட்டும் நிரல் ஒன்றை ஒரு மாணவி எழுதுகிறாள், எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் ஏற்றிவிடுகிறாள். உரிமம் எதுவும் எழுதவில்லை. அவள் மனத்தில் அது திறந்த நிரல். சட்டத்தின் கண்ணில் அது மூடியது. யாரும் பார்க்கலாம், எடுத்துத் திருத்திப் பரப்ப முடியாது. அவள் இறந்து 70 ஆண்டு கழியும்வரை. இதைத் தவிர்க்க, நிரலோடு உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் தன் பெயர், ஆண்டு, எந்த உரிமம், எத்தனையாம் பதிப்பு என்று இரண்டு வரி எழுதிவிட்டால் போதும். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. எந்த உரிமம் என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். நாளைக்கு ஒரு கம்பனி அதைத் திருத்தி அம்பகமுவ பிரதேச செயலகத்துக்கே விற்க வந்தால், செயலகத்தின் கையில் மூலநிரலும் இருக்கவேண்டும் என்று அவள் நினைத்தால், எழுதவேண்டியது ஜீ.பி.எல். அல்லது ஏ.ஜீ.பி.எல்.